கேட்காமல் விட்ட வரி

நான்கு மணி நேரம் ஐம்பது நிமிடம்.

கடைசி சிகரெட்டிலிருந்து அவள் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். காலை ஆறு பத்துக்கு, குளியலறைக் கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு, பாதி. அணைத்துவிட்டு அழுதாள். பிறகு மீதிப் பாதி.

இப்போது பதினொரு மணி. மகப்பேறு மருத்துவமனை, இரண்டாம் எண் அறை. வயிற்றில் இருப்பவளுக்கு முப்பத்தொன்றாவது வாரம்.

முதல் குழந்தையின் துடிப்பு நின்றதும் இதே முப்பத்தொன்றில்தான்.

வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இதுவும் பெண்தான் என்று தானாகவே முடிவுகட்டி, வயிற்றில் இருப்பவளைக் கணவன் 'சின்னவ' என்றுதான் கூப்பிடுகிறான். அவன் அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும், அறையில் இன்னொருத்தி நிற்பதுபோல் அவளுக்கு முதுகு கூசும்.

பக்கத்து அறையில் யாருடைய குழந்தைக்கோ இதயத்துடிப்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரைத் தாண்டிச் சத்தம் வந்தது. அது நிற்கும்போதெல்லாம் இவள் மூச்சும் நின்றது.

இங்கே முன்பு இருந்த நர்ஸ் வயதானவர். படிவத்தை நிரப்பும்போது 'புகைப் பழக்கம்' என்ற வரி வந்ததும், தலை நிமிராமலே ஒரு கோடு இழுத்துவிடுவார். குடும்பப் பெண்களிடம் போய் அதை எப்படிக் கேட்பது என்று அவருக்குக் கூச்சம். முதல் குழந்தைக்கு ஆறு தடவை வந்தார்கள். ஆறு கோடு.

இப்போது இருப்பவள் சின்னப் பெண். அவளிடம் ஒரு கருவி இருந்தது. கைக்கு அடக்கமான பெட்டி, முனையில் காகிதக் குழாய்.

"ரெண்டு பேரும் ஊதணும். மூச்சை இழுத்து, பதினஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிச்சு, மெதுவா விடுங்க. மூச்சுல புகை கலந்திருந்தா காட்டிடும்."

கணவன் முந்திக்கொண்டான். பள்ளி வேன் ஓட்டுகிறவன்.

"வண்டி ஓட்டுறவனுக்கு ஊதுறது புதுசா, சிஸ்டர்?"

ஒன்று என்று காட்டியது.

"சூப்பர்ண்ணா."

"விட்டு நானூத்திப் பன்னெண்டு நாள் ஆச்சு." அவன் குரலில் பெருமை இல்லை. தண்டனையில் கழிந்த நாளைச் சொல்வதுபோல் சொன்னான்.

வெறுங்கையோடு மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று விட்டது. மறுநாள் அவனுடைய அம்மா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "நீ ஊதித் தள்ளுனதுதான்டா புள்ளைய முழுங்கிடுச்சு, இப்ப நிம்மதியா?" அவன் ஆமாம் என்று தலையாட்டினான். அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

இப்போது அவள் முறை.

மூச்சைப் பிடித்தாள். அவளுடைய அலுவலகம் தொலைபேசியில் புகார் கேட்கும் இடம். டீ குடிக்கப் போனால் நேரம் எழுத வேண்டும். சிகரெட் பிடிக்க அவசரப் படிக்கட்டுக்குப் போனால் யாரும் கேட்பதில்லை. நாளெல்லாம் யார் யாரோ திட்டுவதைக் கேட்ட காதுக்கு அந்த ஏழு நிமிடம் மட்டும்தான் அமைதி. அப்படித் தொற்றியது. இப்போது பயம் வந்தால் பிடிப்பாள். பிடித்தால் பயம் வரும்.

பதின்மூன்று. பதினான்கு. உள்ளே சின்னவள் ஒரு தடவை புரண்டாள்.

ஊதினாள்.

இரண்டு. ஐந்து. எட்டு. ஒன்பதில் நின்றது.

மூச்சில் கலந்த புகை ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் என்று போனில் படித்திருந்தாள். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. அந்தக் கணக்கு என்றைக்குமே பூஜ்யத்துக்கு வராது.

நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்க்காமல் கணவனைப் பார்த்தாள்.

"வீட்ல வேற யாராவது பிடிக்கிறாங்களா? அடுப்பு ஏதாவது சரியா எரியாம புகையுதா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் சிஸ்டர். வீடு முழுக்க என் புகைதான். ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சுட்டேன், இன்னும் போகல."

"பழைய புகையெல்லாம் இதுல காட்டாதுண்ணா."

"இல்ல சிஸ்டர், உங்களுக்குத் தெரியாது. நான் பிடிச்ச பிடி அப்படி."

"சரி, எழுதிக்கிறேன். பிடிச்சப்ப ஒரு நாளைக்கு எத்தனை?"

"இருபது. ஒரு பாக்கெட். வேன்ல குழந்தைங்க இருக்கும்னு அதை வீட்டுலயே வெச்சுட்டுப் போவேன். வந்தப்புறம்தான் பிடிக்கிறது. அப்படியும் ராத்திரி பாத்தா காலி. எப்பப் பிடிச்சேன்னு எனக்கே தெரியாது. அவ்வளவு வெறி. பெரியவளை..."

பெரியவள். இந்த நானூற்றுச் சொச்சம் நாளில் அந்த வார்த்தை முதல் தடவையாக வெளியே வந்திருந்தது.

நர்ஸ் அவன் பெயருக்கு எதிரே இருபது என்று எழுதினாள். பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனாள். அது மனைவிக்கான வரி. அவள் சும்மா இருந்தால் போதும், கோடு தானாக விழுந்துவிடும்.

கணவன் குனிந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க," என்றாள்.

அவன் நிமிரவில்லை.

"நீங்க இருபது பிடிக்கலங்க. பன்னெண்டுதான்."

நர்ஸின் பேனா நின்றது. அவன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"மீதி எட்டு நான்."