மூன்று மணி ஜெபம்

"ஷ்ஷ்! சத்தம் போட்டீங்க, தோலை உரிச்சிடுவேன். அம்மா உள்ள ஆண்டவர்கிட்ட பேசிட்டு இருக்கா!"

தையல்காரர் கத்தரிக்கோலை ஆட்டி மிரட்டியதும் பெரிய பிள்ளைகள் இரண்டும் வெட்டு மேசைக்கு அடியில் பதுங்கின. மெஷினைக்கூட அவர் நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய கோட்டு ஒரு கை இல்லாமல் தொங்கியது. தொங்கட்டும், ஆண்டவர் காரியம் முதலில்.

கடைசிக் குழந்தை பிறந்த சில மாதங்களில் ஆரம்பித்தது இது. ஒரு நாள் மத்தியானம், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த கையோடு அவர் மனைவி துணிக்கட்டுகள் அடுக்கிய உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். என்னவோ ஏதோவென்று இவர் கதவைத் தட்டினார். "ஜெபங்க" என்று ஒரே வார்த்தை வந்தது.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்குச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். தட்டினால் திறக்கப்படும் என்று வேதத்தில் இருப்பது அந்தக் கதவுக்கு மட்டும் பொருந்தாது.

தையல்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் கண்ணை மூடி ஜெபிக்க உட்கார்ந்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே யாருடைய சட்டைக்காவது பட்டன் குறைவது ஞாபகம் வந்துவிடும். இவளோ முழுசாக ஒரு மணி நேரம்! ஆதி சீஷர்கள் ஆலயத்துக்கு ஜெபிக்கப் போனதும் இதே மூன்று மணி வாக்கில்தான் என்று பிரசங்கத்தில் கேட்ட அன்று அவருக்குப் புல்லரித்துப் போனது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே இவளுக்கு அந்த வேளை எப்படித் தெரிந்தது?

வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு தெளிவு. ஒரு கன்னத்தில் மட்டும் துணி மடிப்பின் வரிகள் பதிந்திருக்கும். முகங்குப்புற விழுந்து மன்றாடியிருக்கிறாள், பாவம் என்று இவர் உருகிப் போவார். அடுப்படிப் பக்கம் எட்டியே பார்க்காத மனிதர், அந்த ஒரு மணி நேரத்தில் பால் காய்ச்சவும் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டவும் பழகியிருந்தார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்தவர், ஒன்று விடாமல் கொட்டிவிட்டார்.

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெண்கள் ஜெபக்குழுவுக்கு ஒரு தலைவியைத் தேடிட்டு இருந்தோம். ஆண்டவரே காட்டிட்டார். செவ்வாய்க்கிழமை எங்க வீட்டம்மா வந்து உங்க வீட்டம்மாகூட ஜெபத்துல உட்காரட்டும். கூட இருந்து பார்த்துட்டு அவங்க சரின்னு சொன்னா, தினமும் மூணு மணிக்குக் குழுவே உங்க வீட்டுல கூடலாம்."

சபை மொத்தமும் "அல்லேலூயா" என்றது, ஒருத்தியைத் தவிர.

வீட்டுப்படி ஏறும்வரை பொறுத்திருந்தவள் பிடித்துக்கொண்டாள். "யாருங்க உங்களைச் சொல்லச் சொன்னது? நாள் முழுக்க எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் தூக்கி ஊருக்குக் கொடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே!" சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

"விளக்கைக் கொளுத்தி மரக்காலால மூடி வைக்கிறதா? வேதம் அப்படியா சொல்லுது?" என்று அடக்கிவிட்டார் தையல்காரர். எவ்வளவு தாழ்மை பாரேன் என்று மனதுக்குள் மெச்சிக்கொள்ளவும் தவறவில்லை.

செவ்வாய்க்கிழமை சொன்னபடி பாஸ்டரம்மா வந்தார். கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தன. சபையில் யார் வீட்டில் பாத்திரம் உருண்டாலும், அது உருண்டு நிற்பதற்குள் அந்த அம்மாவுக்குப் போன் போய்விடும். வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில்கூட ஒரு மாமியார், மருமகள் வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஸ்தோத்திரம்மா, வாங்க வாங்க" என்று வரவேற்ற தையல்காரரின் கையில் போனைத் திணித்தார் பாஸ்டரம்மா.

"யார் கூப்பிட்டாலும் ஜெபத்துல இருக்கேன்னு சொல்லிடுங்க. எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் அதே பதில்தான்."

பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். தாழ்ப்பாள் விழுந்தது. போகும்போது திரும்பிப் பார்த்த மனைவியின் முகம் வெளிறியிருந்ததைக் கண்டு, "பயப்படாதே, ஆண்டவர் வார்த்தை கொடுப்பார்" என்று இவர் கதவு வழியாகவே தைரியம் சொன்னார்.

மனசு கேட்கவில்லை. தோளில் குழந்தையோடு கதவில் காதை வைத்தார். தலைவிப் பட்டம் கிடைப்பதும் கிடைக்காததும் இன்னும் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

முதலில் மனைவியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அம்மா, உங்ககிட்ட மறைக்க மனசு வரல. ஒரு உண்மையைச் சொல்லிடறேன்..."

ஆகா, பாவ அறிக்கையில் தொடங்குகிறாள்! ஜெபம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாரே. தையல்காரர் கண்ணை மூடிக் கொண்டார்.

அப்புறம் வெறும் கிசுகிசுப்பு. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பாஸ்டரம்மாவே உடைந்து போய்விட்டாரோ?

கடைசியில் பாஸ்டரம்மாவின் குரல் தணிந்து, கெஞ்சுகிற மாதிரி வந்தது.

"இன்னொரு தலகாணி இருக்காம்மா?"