பல் அறிக்கை

“பல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், சாணியில் உருட்டாதீர்கள்” என்று லேப் வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். யார் படிக்கிறார்கள்? இளவழுதி என்பவர் இன்று கொண்டுவந்த மகளின் பால்பல்லில் சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. வழக்கப்படி உருட்டிக் கூரையில் எறிந்துவிட்டு, ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பல் அறிக்கை வேண்டும் என்றதும் ஏறித் தேடி எடுத்திருக்கிறார்.

“நாளைக்கே வேணும் மேடம்.”

“சார், இதை ஆல்கஹால்ல ஊறவச்சு, பிசின்ல பதிச்சு, அறுத்து, மெருகேத்தி, ஆசிட் காட்டி, தங்கம் பூசினாத்தான் மைக்ராஸ்கோப்புல வைக்கவே முடியும். பத்து நாள் ஆகும். இதென்ன ஜெராக்ஸா?”

கைக்குழந்தையாக இருந்தபோது பட்ட பெரிய அதிர்ச்சி பல்லுக்குள் கோடாக நின்றுவிடும். அந்தக் கோடு இருந்தால் எந்தப் பள்ளியும் சேர்ப்பதில்லை.

அவர் நகரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “ஆசிட்ல இன்னும் கொஞ்ச நேரம் வச்சா, அந்த எட்டாம் மாசக் கோடு அழிஞ்சிடுமா மேடம்?”

“எந்தக் கோடு?” என்றேன். “நான் இன்னும் பல்லை அறுக்கவே இல்லையே சார்!”