காலிக் கட்டம்

"இந்த விளையாட்ட எனக்கும் சொல்லிக் குடுங்கப்பா. எம் புள்ள வச்சிருந்த ஆள வச்சே நான் ஆடுறேன்."

தங்கம்மாள் ஸ்ரீமுஷ்ணத்தில் பஸ் ஏறி சிதம்பரம் வந்து, மகன் இளவரசுவின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறந்த நாளன்று அவன் தேவனாம்பட்டினம் கடலில் மூழ்கிப்போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இவளுக்கு விளையாட்டு கேட்கிறதா என்று யாருக்கும் தோன்றும்.

"பாவம், புத்தி பேதலிச்சிடுச்சு," என்று கதிர்வேலின் காதில் சொன்னாள் கனிமொழி.

ஞாயிறுதோறும் இந்த வாடகை வீட்டில் கூடும் கல்லூரி நண்பர்கள் அவர்கள். ஆளுக்கொரு வீரனைத் தாளில் உருவாக்கி, பகடை உருட்டிக் கதைக்குள் அனுப்புவார்கள். இளவரசு போன பிறகும் அவன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல், படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"தெனமும் கனவுல வரான்," என்றாள் தங்கம்மாள். "தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். 'என் பேப்பர்ல ஒரு கட்டம் காலியா இருக்குதும்மா, போய்ப் பாரு'ங்கறான்."



கதிர்வேல் அலமாரியைத் திறந்து இளவரசுவின் தாளை எடுத்தான். பூட்டியே இருந்த அலமாரி. தாளின் ஓரமெல்லாம் நமுத்துப் போயிருந்தது.

"இதான் அவன் எடுத்த சக்திம்மா. தண்ணிக்கு அடியில மூச்சு விடலாம். சக்திக்குத் தோதா ஒரு திறமையும் வேணும், இதுக்கு நீச்சல். ரெண்டும் சேர்ந்தாத்தான் பலன் ஜாஸ்தி."

"அந்தக் கட்டந்தான் காலியா இருக்குது." தங்கம்மாள் பென்சிலை எடுத்தாள். "நான் நெரப்பிடுறேன்."

"கூடாதும்மா." வாத்தியார் தோரணையில் தடுத்தான் கதிர்வேல். "சக்தி எத வேணா எடுத்துக்கலாம். ஆனா திறமை, ஆடுறவனுக்கு நெஜமாவே தெரிஞ்சதா இருக்கணும். அது எங்க ரூல். அதுல மட்டும் பொய் எழுத வுடமாட்டோம்."

"அவனுக்கு நீச்சல் தெரியாதா?"

"சுத்தமா தெரியாதும்மா. முட்டியளவு தண்ணின்னாலே பயந்து கத்துவான்..."

கனிமொழி அவன் கையைக் கிள்ளினாள். அதற்குள் சொல்லி முடித்திருந்தான்.

தங்கம்மாள் பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஊர்ல கெணத்துப் பக்கமே போகாத புள்ள. இங்க வந்து கத்துக்கிட்டான் போலன்னு நெனச்சிக்கிட்டேன். அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும், அவனாத்தான் உள்ள போனான்னு நீங்க எல்லாரும் போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்களே... பொறந்த நாளும் அதுவுமா அவனத் தூக்கிக் கடல்ல போட்டது யாருப்பா?"