எல்லாருக்கும் ஒரே மெயில்

கல்யாணத் தரகர் அன்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார். கும்மிடிப்பூண்டி பிரவுசிங் சென்டரில் வரன் விவரங்களை மெயிலில் அனுப்பியபோது, எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி அனுப்பித் தொலைத்திருந்தார். இனி இரு வீட்டாரும் நேராகப் பேசி முடித்துக்கொண்டால், இடையில் தரகர் எதற்கு?

போன் அடித்தது. மாப்பிள்ளை தேடும் தமிழ்செல்வியின் அப்பா கலியன்.

"இன்னா தரகரே, எல்லார் அட்ரஸும் வந்துகீதே?"

"தப்பு நடந்துபோச்சுங்க. மாப்ள ஊட்டுக்காரங்க நேரா பேசிட்டாங்களா?"

"பேசினாங்க. பொண்ணுக்கு யாரையும் புடிக்கல. ஆனா மாப்ளைங்க கொறையெல்லாம் முன்கோவம், வழுக்கைன்னு மறைக்காம எழுதியிருந்தீங்களே, அதான் ரொம்பப் புடிச்சிதாம்."

"அப்புறம்?"

"அந்த அட்ரஸுங்கள்ல ஒரு பையன் ஜாதகம் மட்டும் வரலியாம். வாங்கினு வரச் சொன்னா."

"யாருங்க?"

"மெயில் அனுப்புன ஆளு. உனக்கும் இன்னும் கல்யாணம் ஆவலியே, நைனா!"