வண்டியில் ஏறாதவர்

“குதிகால் வெடிச்சு சாக்ஸெல்லாம் ரத்தம். நேரா நிக்கவே முடியல. இந்த லட்சணத்துல, இன்னும் நடந்துதான் போவேன்னா என்னய்யா அர்த்தம்?”

மேனேஜர் மேசையைத் தட்டினார். எதிரில் நின்ற பாய்லர் மெக்கானிக் உடம்பின் பாரத்தை இடது காலுக்கு மாற்றிக்கொண்டார். வயது ஐம்பது. கல்யாண வீட்டுக்குக்கூடச் சட்டைப்பையில் ஸ்பானரோடு போகிறவர் என்பதால் கம்பெனி முழுக்க அவருக்கு ஸ்பானர் என்றே பேர்.

“வலிக்கத்தான் செய்யுது சார். அதுக்குன்னு காலைக் கழற்றியா வைக்க முடியும்?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பணியாளர் அதிகாரி சிரிப்பை விழுங்கினார். அந்த அம்மா வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவர் முன்னால் ஒரு கடிதம் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. வெளியூர் வேலைக்குப் போகும்போது ரயில் நிலையத்திலிருந்து ஆலைவரை கம்பெனி அனுப்பும் வண்டியில் மட்டுமே செல்வேன் என்று ஸ்பானர் எழுதிக்கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். போடாவிட்டால் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் இன்றோடு சரி.

“நீங்களே கேளுங்க மேடம்,” என்றார் மேனேஜர். “மாசத்துல இருபது நாள் இவருக்கு வெளியூர். ஏழு மாசத்துக்கு முன்னாடி பாதயாத்திரை போயிட்டு வந்தாரு, அன்னைக்குப் பிடிச்சது சனி. ரயிலடி வாசல்ல டிரைவர் இவர் பேர் எழுதின அட்டையைத் தூக்கிக்கிட்டு நிப்பான். இவரு அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுவாரு!”

“பெட்டியையாவது வண்டியில அனுப்பலாமே?” என்றார் அந்த அம்மா.

“பெட்டி இருந்தாத்தானே மேடம்? முன்னாடி சக்கரம் வச்ச பெட்டி, அது நிறைய துணின்னு இழுத்துக்கிட்டு அலைஞ்சேன். நாலு நாள் ரோட்டுல நடந்ததும் புத்தி வந்திருச்சு. மனுஷனுக்கு வேணுங்கறது ரெண்டு சட்டை, ஒரு துண்டு. மிச்சமெல்லாம் முதுகுக்குத் தண்டனை. இப்ப தோள்பை ஒண்ணுதான். அதுலயும் பாதி ஸ்பானர்.”

“நடக்கும்போது போனைக்கூட எடுக்கறதில்லையாமே, ஏன்?” என்று அந்த அம்மாவே கேட்டார்.

“நடக்கும்போது நடக்கணும், உட்கார்ந்தா பேசணும். யாத்திரையில ரெண்டையும் ஒண்ணாப் பண்ணவங்க மூணாம் நாளே கொப்புளத்தோட பஸ் ஏறிட்டாங்க. அடுத்தவன் வேகத்துக்கு நடந்தவனுக்கும் அதே கதிதான்.”

“பார்த்தீங்களா, உபதேசம்!” மேனேஜர் குரல் ஏறியது. “போன வாரம் சோப்பு ஆலையில பாய்லர் நின்னுபோச்சு. முந்நூறு பேர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க. இவரு ஆடி அசைஞ்சு ஒன்றரை மணி நேரம் நடந்து போறாரு!”

“போனப்புறம் எவ்வளவு நேரத்துல பாய்லர் ஓடிச்சுன்னும் சொல்லுங்க சார்.”

மேனேஜர் பேனாவை மேசையில் உருட்டினார். ஸ்பானரே சொன்னார்.

“இருபது நிமிஷம். வண்டியில போய் இறங்கினா தலை கிறுகிறுன்னு இருக்கும். எதைத் திருகறோம்னு தெரியாம நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டுவேன். நடந்து போறப்ப, அவங்க போன்ல சொன்ன கோளாறு மனசுக்குள்ளயே ஓடிச்சு. போனதும் நேரா அந்த வால்வுலதான் கையை வச்சேன்.”

“வெயில்ல சுருண்டு விழுந்தா கம்பெனிதான்யா பதில் சொல்லணும். வீண் பேச்சு வேண்டாம், கையெழுத்துப் போடு.”

“மாட்டேன்.”

“வேலை போயிடும்.”

“போகட்டும். எங்கப்பா கிட்டங்கியில மூட்டை தூக்கினவரு. முதுகு ஒடியற வரைக்கும் தூக்கினாரு. மூட்டையைப் பாதிப் படியில இறக்கி வைக்கிறவனை அவரு மனுஷனாவே மதிக்கமாட்டாரு. அந்த வளர்ப்பு சார் நான்.”

அந்த அம்மா நிமிர்ந்தார். “பாதியிலன்னா? யாத்திரையை முடிக்கலையா நீங்க?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்?” மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“கேட்கறாங்கல்ல, சொல்லிடறேன். ஒன்பது நாள் நடை. ஆறாம் நாள் மத்தியானம் போன் வந்தது, காகித ஆலையில பாய்லர் படுத்துடுச்சு, உடனே வான்னு. பின்னாடியே காரும் வந்தது. ஏறிட்டேன். அந்த ஒருதடவை ஏறினதுதான் தப்பு. அப்புறம் மிச்சத்தை நடக்க நாலு தடவை லீவு கேட்டேன். நடந்த வரைக்கும் போதும்னு பதில் வந்தது. போதும்னு மனுஷன் சொன்னா தூரம் குறைஞ்சிடுமா? அதான் போற ஊர்லயெல்லாம் அஞ்சு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர்னு நடந்து கழிக்கறேன். எந்த ரோடா இருந்தா என்ன, தேயறது இதே காலுதானே.”

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

அந்த அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் அதிகாரி அதிகாரிதானே.

“உங்க மனசு புரியுதுங்க. இருந்தாலும் வேண்டுதல்ங்கறது அவங்கவங்க சொந்த விஷயம். நீங்க வேண்டிக்கிட்டதைக் கம்பெனி நேரத்துல தீர்க்கறது நியாயமா?”

“நியாயமில்லதான் மேடம். ஆனா வேண்டிக்கிட்டது நானில்ல.”

ஸ்பானர் அந்தக் கடிதத்தை எடுத்து மேனேஜரின் முன்னால் வைத்தார்.

“சார், உங்க பையன் ஆஸ்பத்திரியில பேச்சுமூச்சில்லாமக் கிடந்தப்ப, பிழைச்சா நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டு, உங்களுக்கு நேரமில்லைன்னு என்னை நடக்க அனுப்பினீங்களே, அந்த உங்க கடன்ல இன்னும் நாற்பத்தொரு கிலோமீட்டர் பாக்கி இருக்கு.”