கூடை வேண்டாதவள்

கூடை எடுத்தால் கண்டதையெல்லாம் வாங்கத் தோன்றும் என்றுதான் இன்பமலர் வெறுங்கையோடு கடைக்குள் நுழைந்தவள். இப்போது பில் போடும் வரிசையில், மார்போடு அணைத்த மூன்று பிஸ்கட் பெட்டிகளை நாடியால் அமர்த்திக்கொண்டு நிற்கிறாள். இலவசக் கோப்பை கட்டிய தேயிலைப் பைக்கற் கக்கத்திலிருந்து நழுவுகிறது. விரலில் கொளுவிய புதுத் தாச்சிச் சட்டி முழங்காலில் இடிக்கிறது. வரிசை அசைவதாயில்லை. கண்ணாடிக்கு வெளியே, வெயில் கொதிக்கும் துறைமுகத்தில் கப்பலொன்று ஊதுகிறது. வீட்டில் கருவாடு போடக் கீறி வைத்த பாரை மீனில் இந்நேரம் இலையான் மொய்த்திருக்கும். எரிச்சலில் பல்லைக் கடிக்கிறாள். “அக்கா, ஒரு கூடை தரட்டோ?” என்கிறாள் பில் போடும் பெண். “வேண்டாம் பிள்ளை. நான் உப்பு மட்டும் வாங்க வந்தனான்.” அந்தப் பெண் அவளுடைய கைகளைப் பார்க்கிறாள். இன்பமலரும் குனிந்து பார்க்கிறாள். எல்லாம் இருக்கிறது, உப்பைத் தவிர.