ஐந்து நிமிடச் சத்தம்

துபாயிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு ஜெபராஜின் அழைப்பு வரும். மனைவி அருள்மேரி ஷெட்டில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து, பானெட்டின் மேல் போனை வைக்க வேண்டும். அவன் ஐந்து நிமிடம் இன்ஜின் சத்தத்தைக் கேட்பான். "ம், அணைச்சிரு. வெளிய கிளிய எடுத்துராத" என்று சொல்லி வைத்துவிடுவான். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. மூன்று வருடமாக இதுதான் நடந்தது.

இன்று சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் இசக்கி, இன்ஜின் ஆயில் மூடியைத் திருகி எடுத்தான். அதன் அடியில் வெளிறிய கசடு வெண்ணெய் போல அப்பியிருந்தது.

"ஆயில்ல தண்ணி சேந்திருக்குக்கா. அஞ்சு நிமிசத்துல இன்ஜின் எப்படிச் சூடேறும்? உள்ளயே வேர்க்குது, அது காயிறதுக்குள்ள அணைச்சிருதீங்க. இதுக்குச் சும்மா போட்டிருந்தாக்கூட தேவல. ரோட்டுல எடுத்து ஓட்டணும்."

அவன் பழைய ஆயிலை முழுவதும் வடியவிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஸ்டார்ட் பண்ணு" என்றான் ஜெபராஜ்.

அருள்மேரி போனோடு வீட்டுக்குப் பின்னால் போனாள். கிணற்று மோட்டாரின் சுவிட்சைப் போட்டு, போனை அதன் பக்கத்தில் வைத்தாள். ஐந்து நிமிடத்தில் மொட்டை மாடித் தொட்டி நிறைந்து, தண்ணீர் சுவர் வழியாக வழிய ஆரம்பித்தது.

"போதும், அணைச்சிரு. இன்னைக்குத்தான் சத்தம் சுத்தமா இருக்கு" என்றான் அவன். "என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா?"